மேஸ்திரியின் ஆறாம் தொகுதி

இன்றைக்கு மட்டும் என் கண்ணில் எதுவும் படாமல் இருக்கட்டும். ஒரே ஒரு நாள். எல்லோரையும்போல ஒரு தாளைத் தாளாகப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்.

காலை 8.40. அருங்காட்சியகத்தின் இயந்திரக் கூடத்தில் சுவரோரமாக நின்று அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, பழைய கணினியின் முன்னால் குனிந்திருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ரத்தமில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லைங்க. வெறும் நாடா."

நாடா சுழன்றுகொண்டுதான் இருந்தது. மினுங்க வேண்டிய சிவப்பு விளக்கு மினுங்கவில்லை.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனி செய்த இயங்குதளம் அந்த நாடாவில் இருந்தது. கணினியைக் காலையில் எழுப்பி, ஒவ்வொரு நிரலுக்கும் வேலை கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் அடிப்படை நிரல். அதை எழுதியவர்கள் அதற்கு 'மேஸ்திரி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஆலைகளிலும் ரயில் அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் மேஸ்திரிதான் வேலை வாங்கினான். இன்று மாலை மூன்று மணிக்கு அவனுடைய மூல நிரல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படப் போகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், குறை சொல்லலாம்.

மூலம் என்று உலகத்தில் இருந்தவை இரண்டு. இந்த ஒரு நாடா. வரி அச்சு இயந்திரத்தில் அச்சடித்த ஒன்பது தொகுதிகள். நாடாவுக்குப் பிரதி கிடையாது. வெளியீட்டுப் பத்திரம் கையெழுத்தாகும்வரை பிரதி எடுக்கக் கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. தவிர, ஒவ்வொரு ஓட்டத்திலும் நாடாவின் பூச்சு கொஞ்சம் உதிரும். அதனால் போன வியாழக்கிழமை மெக்கானிக் ஆரம்பத்தில் ஒரு முழம் மட்டும் ஓட்டிப் பார்த்து நிறுத்தியிருந்தார். அப்போது அதில் எல்லாம் இருந்தது.

அருங்காட்சியகக் காப்பாளர் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நாப்பது நாற்காலி வாடகைக்கு எடுத்திருக்கேன்," என்றார், யாரிடமோ.

அவள் ஆவணப் பரிசோதகர். வயது நாற்பத்தெட்டு. கோர்ட் ஊழியர்கள் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்து இருபது வருடமாகிறது. கள்ள உயில்களையும் போலிப் பத்திரங்களையும் பார்த்துப் பார்த்து, பார்ப்பதை நிறுத்த அவளால் முடியாமல் போயிருந்தது. ஒருமுறை கணவன் வெளியூரிலிருந்து எழுதிய கடிதத்தில் 'நலம்' என்ற சொல்லில் பேனா ஒரு கணம் தயங்கியிருந்ததைக் கண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு தட்டுதான் வைக்க வேண்டியிருந்தது.

இங்கே அவளுக்கு வேலை சின்னது. ஒன்பது தொகுதிகளும் அந்தக் காலத்து அசல்தானா என்று பார்த்து ஒரு சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். ஊரில் இந்த வேலைக்கு இரண்டே பேர். இன்னொருவருக்குக் கண்புரை. அவளைச் சிபாரிசு செய்தது அவளுடைய அக்கா. அக்கா அந்தக் கம்பெனியில் மேஸ்திரியை எழுதியவர்களில் ஒருத்தி. அறுபத்திநாலு வயதிலும், செத்துக் கிடந்த இயந்திரத்தை ஓட வைக்க மெக்கானிக்கோடு மூன்று மாதமாக இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

நேற்று மதியம் இரண்டு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அலமாரியைத் திறந்து வாங்கி, ஐந்து மணிவரை வாசிப்பறையில் உட்கார்ந்து ஒன்பதையும் பார்த்து முடித்தாள். தாள் பழசு. மை பழசு. நடுவில் அக்கா பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, "கண்ணு ரெண்டும் சிவந்துபோச்சு பாப்பா, போய்க் கழுவிட்டு வா," என்று விரட்டியதுகூட நன்றாக நினைவிருந்தது. சான்றிதழை அங்கேயே எழுதித் தந்திருக்கலாம். ஒருநாள் ஆறப்போட்டுக் கையெழுத்திடுவது அவள் வழக்கம்.

நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். தொகுதிவாரியாகக் குறிப்புகள்.

மூன்று: ஓரங்களில் பென்சில் கிறுக்கல். வலது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. 1040, 1041, 1042, 1050 என்று தாறுமாறு.

ஐந்து: முதல் பக்கத்துத் திருத்தப் பட்டியலில் ஒன்பது திருத்தங்கள். எண்கள் தாறுமாறு. காபிக் கறை.

ஆறு (கடிகாரப் பகுதி, அக்கா எழுதியது): பட்டியலில் பதினான்கு திருத்தங்கள். எண்கள் 10, 20, 30 என்று கடைசிவரை வாய்ப்பாடு மாதிரி. கறை இல்லை. மிக நேர்த்தி.

'மிக நேர்த்தி' என்பதற்குக் கீழே அடிக்கோடும் போட்டிருந்தாள். அவள் குறிப்புகளில் அப்படிப் பாராட்டு எழுதுவது கிடையாது.

*

9.20. கம்பெனி வக்கீல் வந்து சேர்ந்தார். செய்தியைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நாடா இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்றார். ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது: நாடா அல்லது அச்சுத் தொகுதிகள், இரண்டில் ஒன்று போதும். பரிசோதகர் சான்றளித்தால் அச்சை வைத்தே வெளியிடலாம்.

"அக்கா எழுதினது, தங்கச்சி பாக்கறது," என்றார் அவளைப் பார்த்து. "குடும்ப விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கீங்க."

இந்த வெளியீட்டைப் பத்து வருடமாகத் தடுத்துவந்தவர் அவர்தான். அதனால் காப்பாளரின் கண் முதலில் அவர் பக்கம் போனது. அவர் அதைக் கவனித்தார்.

"நான் அழிக்கிறதா இருந்தா கோர்ட்டுல தடை வாங்கி, முறைப்படிதான் அழிப்பேன் சார்."

நேற்று அவர் இந்தப் பக்கமே வரவில்லை என்பதைப் பதிவேடு சொன்னது.

காப்பாளர் அவளைத் தனியாக அழைத்துப்போனார். போலீஸ் வந்தால் எல்லாவற்றுக்கும் சீல் வைப்பார்கள், மூன்று மணி போய்விடும், கம்பெனி மறுபடி தடை வாங்கினால் இனி இந்த ஜன்மத்தில் கிடைக்காது என்றார். கூடத்தில், மனு மேல் மனு போட்டு இந்த வெளியீட்டை வாங்கிய 'மனு அம்மா' காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் போலீஸைப் பாத்துக்கலாம்."

அவள் கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்டாள்.

நாடா எங்கே இருந்தது? வாசிப்பறை அலமாரியில், தொகுதிகளுக்குப் பக்கத்தில், தகர டப்பாவுக்குள்.

சாவி? இரண்டு. ஒன்று காப்பாளரிடம், ஒன்று மெக்கானிக்கிடம்.

வியாழனுக்குப் பிறகு அலமாரி எத்தனை தடவை திறந்தது?

"ஒரே தடவை. நேத்து, உங்களுக்காக. ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

"வாசிப்பறைக்குள்ள யார் வந்தாங்க?"

"நான் வராந்தாவுலதான் இருந்தேன். மெக்கானிக் ரெண்டரைக்குக் கடைக்குப் போனவர் நாலேகாலுக்குத்தான் வந்தார். அப்புறம் உங்க அக்கா." சிரிக்க முயன்றார். "வேற ஒரு ஈ காக்கா வரல."

*

10.05. மெக்கானிக்கின் பட்டறை வாசிப்பறைக்கு உள்ளே ஒரு சின்ன அறை. வேறு வாசல் கிடையாது. வாசிப்பறை வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். மேஜைமேல் இஸ்திரிப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. நாடா அழிப்பான். உள்ளே பெரிய மின்காந்தம். நாடாவை மேலே வைத்து அரை நிமிடம் சுற்றினால் போதும், சுருளைக்கூடப் பிரிக்க வேண்டாம்.

மெக்கானிக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அழிப்பான் தன்னுடையது, சாவியும் தன்னிடம் இருக்கிறது. தன்னைத்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை விடுவிக்க அவள் அவசரப்படவில்லை. அவசரமில்லாததைக் கண்டு தனக்கே பயமாக இருந்தது. இவராக இருக்கக் கூடாதா என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டது. இவராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அழிப்பானை எப்போது போடுவீர்கள் என்று கேட்டாள்.

ஆட்கள் போன பிறகுதான் என்றார். போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் இருக்கிற பழைய திரை நடுங்கும். பார்வையாளர்கள் பயந்துவிடுவார்கள்.

மூலையில் மடிப்புத்தாள் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு ஓரமும் துளையிட்ட, மஞ்சளேறிய பழைய தாள். பாதி காலி. கம்பெனிக் கிடங்கிலிருந்து வந்த அந்தக் காலத்துச் சரக்கு அது, அச்சு இயந்திரத்தின் மை ரிப்பனும் அப்படித்தான். பாதியை அக்காதான் தீர்த்தாள் என்றார். அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து சோதனைக்காக அடித்துத் தள்ளினாளாம். தொகுதிகளையும் ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து வைத்திருந்தாளாம், எழுத்து சரியாக விழுகிறதா என்று ஒப்பிட.

"அந்த வரி எண்கள்," என்றாள் அவள். "ஏன் தாறுமாறா இருக்கு?"

அவர் முகம் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிந்தது. தனக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டாள்.

"புதுசா எழுதும்போது மெஷினே பத்து பத்தா நம்பர் போடும். பின்னாடி நடுவுல வரி சேக்கணும்னா இடம் வேணும்ல? பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல பதினொண்ணு, பன்னெண்டுன்னு சொருகிக்கலாம். எடுத்துட்டா ஓட்டை விழும். ஆளுங்க பல்லு மாதிரிங்க அது. வயசானா வரிசை கலைஞ்சுடும். நம்பரைப் பாத்தே அது எவ்வளவு அடிபட்டதுன்னு சொல்லிடலாம்."

அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். மூடிய பிறகும் விரல் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

*

11.15. கூடத்தில் நாற்பது நாற்காலிகளில் முப்பத்தொன்பது காலி. ஒன்றில் மனு அம்மா.

எழுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி ஊழியை. எட்டுக் கட்டில்களில் யாருக்காவது மூச்சோ நாடியோ தடுமாறினால் மேஸ்திரி மணி அடிப்பான், அவள் ஓட வேண்டும். ஒருநாள் பதினோரு நிமிடம் மணி அடிக்கவில்லை. மூன்று பேர் செத்துப்போனார்கள். மணி அடிக்கவில்லை என்று அவள் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. தூங்குவதற்காக அவளே நிறுத்திவிட்டாள் என்று தீர்ப்பானது. நாலு வருடம் ஜெயில். வெளியே வந்ததிலிருந்து மனு எழுதுகிறாள்: மேஸ்திரியின் நிரலைத் திறந்து காட்டுங்கள், மணி தானாக நிற்குமா நிற்காதா என்று தெரிந்தவர்கள் படித்துச் சொல்லட்டும். கம்பெனிக்கு, அமைச்சகத்துக்கு, கோர்ட்டுக்கு. கடைசியில் அவளுடைய மனுவில்தான் நிரலைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

நாடா அழிந்த செய்தி அவளுக்கும் போயிருந்தது. அதற்காக அழுததாகத் தெரியவில்லை. அச்சு இருக்கிறதாமே என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றாள் பரிசோதகர்.

மனு அம்மா ஒரு வாரமாகத் தினம் வந்து, காட்சிக்கு வைத்திருந்த பழைய திரைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். எட்டுக் கட்டில்களுக்கு எட்டுப் பச்சைக் கோடுகள். அவள் பார்த்திருந்த அதே மாதிரித் திரை.

"நேத்தும் இருந்தீங்களா?"

"அஞ்சரை வரைக்கும்."

"திரையில ஏதாவது வித்தியாசமா?"

"நடுங்குச்சு. மூணு பதினெட்டுக்கு. அரை நிமிஷம்."

"எப்படி அவ்வளவு சரியா..."

மனு அம்மா மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். "பதினோரு நிமிஷம் நான் எங்க இருந்தேன்னு கோர்ட்டுல கேட்டாங்க. சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் மணி பாத்துக்கறேன்."

பிறகு, தானாகவே சொன்னாள். "உங்க அக்காவத் தெரியும். கம்பெனி சார்பா சாட்சி சொன்ன பொண்ணு. மணி தானா நிக்க வழியே இல்லன்னு சொல்லிச்சு. அது மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. சின்னப் பொண்ணு, தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிச்சு. கூட நாலு பேர் படிச்சா வேற மாதிரி தெரியலாம். அவ்வளவுதான்."

*

12.00. வாசிப்பறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு ஆறாம் தொகுதியை எடுத்தாள். நாற்பது பக்கம். எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். 10, 20, 30. 1510, 1520. கடைசி வரி 22400. ஒரு வரிகூடச் சொருகப்படவில்லை. ஒரு வரிகூட எடுக்கப்படவில்லை.

முதல் பக்கத்தில் ஒன்பது வருடத் திருத்தங்கள், தேதியோடு, பதினான்கு.

தாளைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியும். மையை, மடிப்பை, பேனாவின் அழுத்தத்தை. இங்கே தாளும் அசல், அச்சு இயந்திரமும் அசல், அடித்த விரல்களும் அசலானவைதான். போலி என்பது இதில் எங்கேயும் ஒட்டவில்லை. எழுதியவளே மறுபடி எழுதியிருக்கிறாள். அவளுடைய இருபத்திரண்டு வருடத் தொழில் இதற்கு எந்த வார்த்தையையும் கற்றுத்தரவில்லை.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்குத்தான் அவளுக்குப் பாடாக இருந்தது. நேற்று முகம் கழுவிவிட்டு வந்தபோது அக்கா ஜன்னலோரம் நின்று, காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி, குடிக்கிற சூட்டில் கையில் கொடுத்தாள். அதைக் குடித்ததும் உள்ளே ஒரு நிம்மதி பரவியதை நினைத்தாள். எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்ற நிம்மதி. அந்த நிம்மதி இப்போதும் உடம்பில் எங்கோ இருந்தது. அதைப் பிடுங்கி எறியத் தெரியவில்லை.

இரண்டு மணி நேரத்தில் அவள் கையெழுத்துப் போட்டால் இந்த நாற்பது பக்கமும் உலகத்துக்குப் போகும். படிக்கத் தெரிந்தவர்கள் படிப்பார்கள். மணி தானாக நிற்க வழியில்லை என்று எழுதுவார்கள். மனு அம்மா தான் கேட்டு வாங்கிய நிரலாலேயே, இனி மேல்முறையீடு இல்லாமல், தூங்கினவள் ஆகிவிடுவாள்.

காப்பாளரிடம் சொல்லி அக்காவை வரச்சொன்னாள்.

*

1.10. அக்கா புதுப் புடவையில் வந்தாள். விழாவுக்காக.

"நாடா போச்சாமே," என்றாள் உட்கார்ந்துகொண்டே. "அந்த மெக்கானிக் கொஞ்சம் மறதிக்காரர். பாவம், வேணும்னு செஞ்சிருக்க மாட்டார்."

"நீதான்க்கா."

அக்காவின் கை புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தது. நீவல் நிற்கவில்லை.

தங்கை சொல்லத் தொடங்கினாள். கோர்ட்டில் சொல்வதைப்போலவே, குரலை ஏற்றாமல், ஒன்றன்பின் ஒன்றாக. வெளியீட்டைத் தடுக்க நினைத்தவர் நாடாவை அழித்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த ஒன்பது தொகுதிகளை விட்டுவிட்டா போவார்? நாடாவை மட்டும் அழித்தவருக்கு வெளியீடு நடக்க வேண்டும், அச்சை வைத்து மட்டுமே நடக்க வேண்டும். அப்படியென்றால் அச்சில் ஏதோ மாறியிருக்கிறது, நாடா அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நேற்று மூன்று பதினெட்டுக்குக் கூடத்துத் திரை நடுங்கியது. பட்டறைக்கு இந்த அறை வழியாகத்தான் வழி. அந்த நேரத்தில் பதிவேட்டின்படி இந்த அறை என் பொறுப்பு. நான் முகம் கழுவப் போயிருந்தேன். போகச் சொன்னது நீ.

"இதெல்லாம் வச்சு யார் மேலயும் சந்தேகம்தான் பட முடியும்," என்றாள். "நம்பர்தான் நிச்சயம். பதினாலு தடவை திருத்தின நிரல்ல ஒரு நம்பர்கூடக் கலையாம இருக்காதாமே. முதல் பக்கத்துப் பட்டியலை அப்படியே காப்பி பண்ணிட்டே. உள்ள முழுசா புதுசா அடிச்சே. மெஷின் பத்து பத்தா நம்பர் போட்டுடுச்சு."

அக்கா தொகுதியைத் தன் பக்கம் இழுத்து, பிரித்து, பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஒரு தொழில்காரி தன் பிழையைப் பார்க்கிற பார்வை.

"கலைஞ்ச நம்பரைப் பாத்தாலே எனக்குப் பிடிக்காது," என்றாள் கடைசியில். "சுத்தமா இருந்ததும் சந்தோஷப்பட்டேன் பாப்பா. அது தப்புன்னு தோணவே இல்ல."

"எனக்கும் நேத்து தோணல. நேர்த்தின்னு எழுதி வச்சேன்."

பழைய தொகுதி எங்கே என்று தங்கை கேட்டாள். பக்கெட்டில் ஊறவைத்துக் கூழாக்கி, வாரிக் கொட்டிவிட்டதாக அக்கா சொன்னாள். மூன்று நாள் பிடித்ததாம். பழைய தாள், சீக்கிரம் கரையவில்லை.

"அதுல என்ன இருந்தது?"

அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். நாற்பத்தாறு நாள் நிறுத்தாமல் ஓடினால் கடிகாரம் சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும். வரும்போது பதினோரு நிமிடம் எச்சரிக்கை மணி அடிக்காது. மேலிடத்தில் சொல்லியாயிற்று. பொறு என்கிறார்கள். "தேதி போட்டு, என் முதலெழுத்தும் போட்டு, நிரலுக்கு நடுவுல குறிப்பா எழுதினேன். அது நடக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"தெரிஞ்சுதான் கோர்ட்டுல சொன்னியா?"

"எனக்கு இருபத்தாறு. நீ அஞ்சாங்கிளாஸ். அம்மா போய் ரெண்டு வருஷம். தலைமைப் பொறியாளர் என்னை உக்காரவச்சு, உன் தங்கச்சி எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டார். மிரட்டல. சும்மா கேட்டார்." அக்காவின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "அவர் செத்து பதினேழு வருஷமாச்சு. சாட்சிக் கூண்டுல நின்னவ நான் மட்டும்தான் இருக்கேன்."

தங்கைக்கு அந்தப் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. அக்கா சாட்சி சொல்லப்போன அன்று இரட்டைப் பின்னல் போட்டுவிட்டதும். இழுத்து இழுத்து, வலிக்கும்படி பின்னினாள். அதுவரை அப்படிப் பின்னியதில்லை. பத்து வயதில் கண்ணில் பட்டது அது. என்ன என்றுதான் படிக்கத் தெரியவில்லை.

"இதைப் பாக்க ஏன்க்கா என்னைக் கூப்பிட்டே?"

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. தாளையும் மையையும் மட்டுமே பார்க்கத் தெரிந்த ஒருத்தி தேவைப்பட்டாள். பார்த்தாலும் பார்க்காததுபோல் இருந்துவிடக்கூடிய ஒருத்தி. இரண்டுக்கும் சேர்த்து ஊரில் ஒருத்திதான்.

"அந்த வரியை இனிமே சொல்ல முடிஞ்சவ நீ மட்டும்தான்," என்றாள் தங்கை. "வெளிய உக்காந்திருக்காங்க. வா, நான் கூட வரேன்."

அக்கா தலையசைத்தாள். முடியாது என்ற அசைவு. பிடிவாதம் இல்லை அதில். உடம்பில் அதற்கான இடமே இல்லாததுபோல இருந்தது. சொன்னால் பொய்ச்சாட்சி, இப்போது இதுவும். அறுபத்திநாலு வயதில் தன்னால் அந்தக் கோர்ட் படிகளில் ஏற முடியாது என்றாள். அந்த அம்மா ஏறினபோது முப்பத்துமூன்று என்று தங்கை சொல்ல நினைத்தாள்.

"கையெழுத்துப் போடு பாப்பா."

தங்கை ஆறாம் தொகுதியைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"சரி, அதுவும் வேண்டாம். ஆறாம் தொகுதி தொலைஞ்சுபோச்சுன்னு எழுது. மத்த எட்டும் அசல்னு போடு. பொய்யும் வெளிய போகாது. அந்தம்மாவுக்கும் புதுசா கெடுதல் இல்ல. எட்டு தொகுதியாவது வெளிய வரும். யார் பேரையும் எழுத வேண்டாம். இதை நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

நல்ல யோசனைதான். அதுதான் வேதனையாக இருந்தது. மனதுக்குள் அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தாள்: ஆறாம் தொகுதி காணப்படவில்லை. அழகாக உட்கார்ந்தது. எந்தக் கோர்ட்டும் அதைத் துருவாது. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தாள். வெளியீடு நிற்கும். வக்கீல் பெட்டியை மூடுவார். பக்கெட்டில் கரைந்தது திரும்பி வராது. இந்தத் தொகுதி போலி என்று இவள் நிரூபிக்கலாம். அசலில் என்ன இருந்தது என்று நிரூபிக்க யாராலும் முடியாது. மனு அம்மாவுக்குக் கிடைக்கப் போவது இன்னொரு வழக்கு, இன்னும் சில வருடங்கள், எழுபத்தொன்றுக்கு மேல். தனக்குக் கிடைக்கப் போவது அக்கா இனி வராத வீடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரும் காப்பாற்றப்படவில்லை.

கதவு தட்டப்பட்டது. தாழைத் திறந்தாள். காப்பாளர் சான்றிதழைக் கோப்பில் வைத்து நீட்டினார். பத்திரிகைக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், மணி இரண்டு ஆகப்போகிறது என்றார். யார் அழித்தது என்று தெரிந்ததா என்றும் கேட்டார்.

"தெரிஞ்சுது. வக்கீலையும் அந்தம்மாவையும் இங்க கூட்டிட்டு வாங்க," என்றாள் அவள்.

அவர் போனார். வராந்தாவில் அவருடைய செருப்புச் சத்தம் கூடத்துப் பக்கம் நகர்ந்தது.

அக்கா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"அவங்க வர்றதுக்குள்ள எழுதிடு. ரெண்டு வரிதான். இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல பாப்பா."

உண்மைதான். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

அவள் அக்காவின் கையைத் தன் இன்னொரு கையால் மூடினாள். சூடு ஏறுகிறதா என்று பார்ப்பவளைப்போலக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூடவே, மெதுவாக, இன்னொரு காலடியும்.

"இல்லக்கா," என்றாள்.